கல்லாவில் ஒரு குறிப்புக் கட்டம்

என் கணவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். ரொம்ப நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். நல்ல மனிதரோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அதில் உள்ள கஷ்டம் தெரியும். சண்டை போடக்கூட எதிரில் ஆள் இருக்காது.

அவர் லிப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கம்பெனி, ஒரே நீலச் சட்டை, ஒரே கருவிப் பை. ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் மொட்டைமாடி இயந்திர அறைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. யாராவது லிப்டுக்குள் மாட்டிக்கொண்டால் இவருக்குத்தான் போன் வரும். உள்ளே இருக்கிறவர் செத்துவிடுவேன் என்று அலறிக்கொண்டிருப்பார். இவர் ஒரு கையால் செருப்பைத் தேடிக்கொண்டே பேசுவார்: "பயப்படாதீங்க, காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும். கதவை மட்டும் தள்ளாதீங்க. உங்க வீட்ல யார் யார் இருக்காங்க? பசங்க என்ன படிக்கிறாங்க?" போய்ச் சேர்கிற வரைக்கும் பேச்சை விடமாட்டார். வெளியே வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். இப்படிப் பேசத் தெரிந்த மனிதர் வீட்டுக்கு வந்தால் "ம்" என்பார். ரொம்ப உற்சாகமாக இருந்தால் "ம், சரி" என்பார்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்குப் போய் உட்கார்ந்தால் பத்து மணிக்குள் நாற்பது கைகளிலாவது ஊசி போட்டு ரத்தம் எடுத்துவிடுவேன். நரம்பே தெரியாத கை என்றால் மற்றவர்கள் என்னிடம்தான் அனுப்புவார்கள். எங்கள் தெருவில் என் பெயர் யாருக்கும் தெரியாது, 'ஊசிக்காரம்மா' என்றால்தான் தெரியும். ஒரே மகள், வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இரண்டு அறை, ஒரு லேப்டாப்.

எல்லா வினைக்கும் காரணம் அந்த லேப்டாப்தான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சிநேகிதர் பேச்சைக் கேட்டு இவர் ஒரு கம்பெனியில் நூறு பங்கு வாங்கினார். பங்குகளையும் வீட்டுச் செலவையும் பார்த்துக்கொள்ள, காசு கொடுத்து ஒரு மென்பொருளும் வாங்கினார். கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனி ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்தது. நூறு பங்கு ஐந்நூறானது. ஒவ்வொன்றின் விலையும் ஐந்தில் ஒரு பங்கானது. மொத்தத்தில் ஒரு காசு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் அந்த மென்பொருளுக்கு இது தெரியவில்லை. விலையை மட்டும் குறைத்துக்கொண்டு, பங்கை நூறாகவே வைத்துக்கொண்டு, ஐந்தில் நாலு பங்குப் பணம் போய்விட்டது என்று சிவப்பில் காட்டியது. மனிதர் ஆடிப்போய்விட்டார். விஷயம் புரிந்த பிறகு அந்த மென்பொருள்காரர்களுக்கு எட்டு முறை எழுதினார். பதில் கிடையாது.

வேறு யாராவது இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவர் தானே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்துவிட்டார். லிப்டைப் பிரித்துப் போட்டுவிட்டு உதிரி பாகத்துக்காகக் காத்திருக்கிற நேரத்தில் கற்றுக்கொண்டாராம். இரண்டு வருஷம் மாங்கு மாங்கென்று எழுதினார். அதற்குக் 'கல்லா' என்று பெயர் வைத்தார். நம் மொழியிலேயே வேலை செய்யும். பங்கு, வட்டி, வீட்டுச் செலவு, எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். யாரும் காசு கொடுக்க வேண்டாம். உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், தன்னுடையது போல எடுத்துக்கொள்ளலாம்.

"அப்ப உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"பங்கைப் பிரிச்சா சரியா காட்டும்ல?" என்றார்.

கல்லா என்று பெயர் வைத்துவிட்டு அதில் ஒரு காசு விழாதபடி பார்த்துக்கொண்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காசு வராவிட்டால் போகிறது, ஆட்கள் வந்தார்கள். நம் மொழிக்காரர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ அங்கிருந்தெல்லாம் வந்தார்கள். கல்லாவுக்கு ஒரு புகார்ப் பக்கம் உண்டு. யாருக்கு என்ன பிழை தெரிந்தாலும் அங்கே எழுதலாம், எல்லாரும் படிக்கலாம். 'என் லாப ஈவு ஒரு நாள் தள்ளிக் காட்டுகிறது.' 'மூன்று நாளாகப் பதில் இல்லை, உயிரோடு இருக்கிறீர்களா?' 'இதைவிட நோட்டுப் புத்தகம் மேல்.' இலவசமாக வாங்கித் தின்றுவிட்டு உப்பில்லை என்கிற கூட்டம். இவர் ஒவ்வொருவருக்கும் 'வணக்கம், மன்னிக்கவும், இன்றே பார்க்கிறேன்' என்று எழுதுவார். சாப்பாட்டுத் தட்டை இடது பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு எழுதுவார்.

அந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவர் ஒருத்தர் இருந்தார். படத்தில் நெஞ்சு வரைக்கும் தாடி. நான் அவரைத் தாடி என்றுதான் சொல்வேன். எந்த ஊரோ, என்ன வேலையோ தெரியாது. மற்றவர்கள் மாதத்துக்கு ஒரு பிழை கண்டுபிடித்தால் தாடி வாரத்துக்கு இரண்டு கண்டுபிடிப்பார். எங்கள் கல்யாண நாளன்று வெளியே சாப்பிடப் போகலாம் என்று கிளம்பி நின்றபோது தாடியிடமிருந்து புகார் வந்தது: அச்செடுத்தால் ஓரம் அரை அங்குலம் வெட்டுப்படுகிறதாம். "பத்து நிமிஷம்" என்று உட்கார்ந்தார். நான் ஒன்றரை மணி நேரம் செருப்பைப் போட்டபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாடி நேரில் வந்திருந்தால் ரத்தம் எடுக்கிற சாக்கில் ஒரு வழி பண்ணியிருப்பேன்.

ஒரு முறை சமையலறைக் குழாய் ஒழுகியது. சொன்னேன். "ம், சரி." மறுபடி சொன்னேன். "ஞாயித்துக்கிழமை." மூன்று மாதம் போனது. எனக்கு எரிச்சல் தலைக்கேறி, புகார்ப் பக்கத்தில் பொய்ப் பெயரில் நுழைந்து எழுதினேன்: 'குழாய் ஒழுகுகிறது. மூன்று மாதமாகிறது. யாரும் கவனிக்கவில்லை.' நான் சமையலறையில். அவர் அடுத்த அறையில். பதினோரு நிமிஷத்தில் பதில் வந்தது: 'வணக்கம். கல்லாவைப் பயன்படுத்துவதற்கு நன்றி. இது கல்லாவின் எல்லைக்குள் வராது. அருகிலுள்ள குழாய் வேலைக்காரரை அணுகவும்.' புகாரை முடித்தும் வைத்துவிட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

குழாய் வேலைக்காரரை நானே கூப்பிட்டேன். அந்தச் செலவைக் கல்லாவில் ஏற்றினேன். அதில் ஒவ்வொரு செலவுக்குப் பக்கத்திலும் 'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அழுத்தினால் திறக்கும். எதற்கு என்ன செலவு என்று ஞாபகத்துக்கு எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய இடம். நான் அதில் எழுதினேன்: 'நீங்கள் சொன்னபடி அணுகினேன்.'

அவர் பார்ப்பார், வாய்விட்டுச் சிரிப்பார், அல்லது வெட்கப்படுவார் என்று நினைத்தேன். ஒரு வாரம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுமில்லை. தினமும் எங்கள் வீட்டுக் கணக்கைத் திறப்பார். கீழே மொத்தத்தைப் பார்ப்பார். வங்கி இருப்போடு ஒத்துப்போனால் முகம் தெளிந்துவிடும். மூடிவிடுவார். ஒத்துப்போகாவிட்டால் "எங்கேயோ உதைக்குதே" என்று வீட்டையே புரட்டிப் போடுவார். ஒரு முறை பஸ்ஸுக்குக் கொடுத்த சில்லறையை நான் ஏற்ற மறந்ததற்கு ஒரு சாயங்காலம் முழுக்க என்னை விசாரித்தார். அவர் என்னோடு அதிகம் பேசிய சாயங்காலங்களில் அதுவும் ஒன்று.

அப்படித்தான் குறிப்பு எழுதுவது பழக்கமாகிவிட்டது. முதலில் வம்புக்கு எழுதினேன். 'தக்காளி. பாதி அழுகல். நீங்கள் கவனிக்காமல் சாப்பிட்டீர்கள்.' 'கேக். என் பிறந்த நாள். நானே வாங்கி நானே வெட்டினேன். உங்களுக்கும் ஒரு துண்டு வைத்தேன். யார் வீட்டு விசேஷம் என்று கேட்டீர்கள்.' பிறகு வம்பு போய்விட்டது. 'பஸ். மகளை விடுதியில் விட்டுவிட்டுத் தனியாக வந்தேன். வழியெல்லாம் அழுகை.' 'வாடகைக் கார். மார்பில் கட்டி போல இருந்தது, ஸ்கேன் எடுத்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். யாரிடமும் சொல்லவில்லை.' இப்படி ஆறு வருஷம். ஒரே ஒரு தடவை அழுத்தினால் போதும், எல்லாம் திறக்கும். அவர் எழுதிய மென்பொருள், அவர் வைத்த கட்டம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் தனியாகப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். அடிதடி இல்லை, இன்னொருத்தி இல்லை. யாரிடமும் சொல்லி நியாயம் கேட்கக்கூட ஒரு காரணம் இல்லை. காற்று இல்லாத அறையில் இருப்பது போல இருந்தது, அவ்வளவுதான். என் பெயரில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கி மாதாமாதம் பணம் போட்டேன். அதை எங்கே ஒளிப்பது என்று யோசித்தேன். மறைத்தால் கணக்கு உதைக்கும், உதைத்தால் கேள்வி வரும். அதனால் மறைக்கவே இல்லை. கல்லாவில் பச்சையாக ஏற்றினேன்: 'தனி வீட்டு முன்பணம்.' குறிப்பில் எழுதினேன்: 'இரண்டு அறை போதும். நான் மட்டும்தான்.' கணக்கு ஒத்துப்போயிற்று. அவர் பார்த்தார், முகம் தெளிந்தது, மூடினார். முப்பத்தாறு மாதம் இதேதான் நடந்தது. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, இன்றைக்காவது கேட்டுவிடுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்டுவிடக் கூடாதே என்ற பயமா, கேட்க மாட்டாரா என்ற ஆசையா என்று எனக்கே தெரியாது.

போன மாதம் வீடு அமைந்தது. என் பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில், இரண்டாவது மாடி. லிப்ட் இல்லாத கட்டடமாகப் பார்த்துத்தான் தேடினேன். வெள்ளிக்கிழமை வந்து மீதிப் பணத்தைக் கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்படி வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை இவரிடம் சொல்லலாம் என்று இருந்தேன்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று "அடக் கடவுளே" என்றார்.

"என்ன?"

"பெரிய தப்பு பண்ணிட்டேன். உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

என் கையிலிருந்த துணி நழுவிவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை.

விஷயத்தை அவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். கல்லாவை இணையத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்கிறவர்களுக்கு, பழகிப் பார்க்க ஒரு மாதிரிக் கணக்கு கூடவே வரும். கற்பனையாக எழுதினால் நம்பும்படி இல்லை என்று இவர் எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் அது தானாகவே புதுசாக ஏறிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்.

"நம்ம வீட்டுக் கணக்கையா ஊருக்குக் கொடுத்தீங்க?"

"அப்படியே கொடுப்பேனா? பேர், வங்கி எல்லாம் மாத்திட்டேன். தொகை ஒவ்வொண்ணையும் மூணால பெருக்கிட்டேன். உன் சம்பளம் எவ்வளவுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா அந்தக் குறிப்புக் கட்டத்தை மட்டும் விட்டுட்டேன். அதையும் காலி பண்ணணும்னு தோணவே இல்ல."

தக்காளி விலை நம்பும்படி இல்லை என்று தாடி எப்போதோ புகார் எழுதியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இத்தனை நாளா யாருக்கும் தெரியலையா?"

"அழுத்தினாத்தானே திறக்கும். போன வாரம் தாடிதான், குறிப்பு உள்ள ஒளிஞ்சு கிடக்கு, முகப்பிலேயே தெரியணும்னு கேட்டார். செஞ்சு கொடுத்தேன். இப்ப இப்படி எழுதியிருக்கார்." லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

தாடி எழுதியிருந்தது இது: 'மாதிரிக் கணக்கின் குறிப்புகளில் ஒரு பெண் எழுதுகிறார். முதலில் வேடிக்கைக்காகச் சேர்த்தது என்று நினைத்தேன். பிறகு நேற்றும் இன்றும் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். ஸ்கேன் எடுத்த இடத்தில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இவர் யார்? இப்போது நன்றாக இருக்கிறாரா? வீடு கிடைத்ததா? இது பிழை அல்ல. வேறு எங்கே கேட்பது என்று தெரியாததால் இங்கே கேட்கிறேன்.'

நான் மூன்று தடவை படித்தேன். எந்தத் தாடிக்காரரை ஆறு வருஷமாகக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேனோ, அவர் எழுந்துபோய் முகம் கழுவியிருக்கிறார்.

"கவலைப்படாதே" என்றார் இவர். "புதுப் பதிப்பு போட்டாச்சு. மாதிரிக் கணக்குல இருந்த குறிப்பு மொத்தத்தையும் அழிச்சாச்சு. எல்லாருக்கும் மன்னிப்புக் கடிதமும் எழுதிட்டேன்."

"படிச்சீங்களா?"

"தாடி எழுதினதையா?"

"குறிப்பை."

"அழிச்சுட்டேன்னு சொன்னேனே."

"படிச்சீங்களான்னு கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். கேள்வி நிஜமாகவே புரியவில்லை. "ஒவ்வொண்ணா எதுக்குப் படிக்கணும்? ஒரே கட்டளைல மொத்தமும் போயிடும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த லேப்டாப்பை எடுத்து ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். வீசவில்லை. கத்தினேன். அடுத்த வீட்டில் ரேடியோ சத்தத்தைக் குறைத்தது எனக்கே கேட்டது.

"இதுவரைக்கும் எத்தனை பேர் இறக்கியிருக்காங்க?"

"பதினாலாயிரம் பேர் இருக்கும்."

"பதினாலாயிரம் பேர் கையில கொடுத்திருக்கீங்க. எவனோ ஒருத்தன், முகம் தெரியாதவன், உட்கார்ந்து படிச்சுட்டு நான் நல்லா இருக்கேனான்னு கேக்கறான். நீங்க தினமும் திறந்து தினமும் மூடறீங்க. உங்களுக்குத்தான் எழுதினேன். உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். வெள்ளிக்கிழமை நான் இந்த வீட்டை விட்டுப் போறேன். அதுவும் உங்க கல்லாவிலதான் இருக்கு. மூணு வருஷமா இருக்கு. போய்ப் பாருங்க."

அவர் "ம்" என்று சொல்லவில்லை. அது ஒன்றுதான் புதிது.

திங்களும் செவ்வாயும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் லீவு எடுத்தது மகள் பிறந்தபோது மட்டும்தான். நான் காலையில் போகும்போது சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருப்பார். மதியம் வரும்போதும் அங்கேயே இருப்பார். செவ்வாய்க்கிழமை மதியம், மூடி வைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. "படிச்சேன்" என்றார். "பதில் போட்டிருக்கேன்" என்றார்.

பதில் போட்டிருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே பதில். ஊரார் புகாருக்கு எழுதுவது போலவே, தேதியும் நேரமும் போட்டு எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தக்காளிக்கு: 'மன்னிக்கவும். அழுகல் என்று தெரியவில்லை.' கேக்குக்கு: 'இது நடந்தது எனக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இருப்பதாகப் பொய் எழுத மனம் வரவில்லை.' மகளை விட்டுவிட்டு வந்த பஸ்ஸுக்கு: 'அன்று ஒரு கட்டடத்தில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அவர்கள் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார்கள். நான் வந்திருக்கலாம்.' குழாய்க்கு மட்டும் இரண்டே சொல்: 'அது நீயா?' ஸ்கேனுக்குக் கீழே தேதி இருந்தது, நேரம் இருந்தது. வேறு ஒன்றுமில்லை.

கடைசி வரை படித்தேன். கண் எரிந்தது. இத்தனையும் அவருக்கு எழுத வருகிறதே என்று ஆத்திரம் வந்தது. லேப்டாப்பை மூடினேன்.

"இதுல ஏதாவது ஒண்ணை வாயால சொல்லுங்க."

அவர் கை தானாக லேப்டாப் மூடிக்குப் போனது. நான் அதன் மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

"பாக்காம சொல்லுங்க."

லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவருக்கு ஒரு நிமிஷத்தில் நூறு வார்த்தை சொல்கிற மனிதர், தொண்டையைக் கனைத்தார், மறுபடி கனைத்தார். கடைசியில் சொன்னார்:

"கணக்கு ஒரு நாள்கூட உதைக்கலையே. அதனால எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுட்டேன்."

பொய்யில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால், வேலை அதிகம், உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லியிருந்தால், திட்டித் தீர்த்துவிட்டு இருந்துவிட்டிருப்பேனோ என்னவோ. நான் ஆறு வருஷம் எழுதியது வீண் இல்லை, மூன்று வருஷம் சேர்த்ததும் வீண் இல்லை என்று அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குத் தெளிந்துவிட்டது. மகளுக்குப் போன் செய்து சொன்னேன். "நீ போம்மா. நான் அப்பாகிட்ட தினமும் பேசறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை போய்ப் பணம் கட்டினேன். கையெழுத்துப் போட்டேன். சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சாமான் அதிகமில்லை. ஒரு கட்டில், அலமாரி, நாலு பாத்திரம், என் துணிமணி. இவர் தானே முன்வந்து தூக்கினார். இரண்டு மாடி, ஏழு தடவை ஏறி இறங்கினார். அலமாரியை வைத்த பிறகு போய்விடுவார் என்று பார்த்தால், அறை நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். சுவிட்சுகளைப் போட்டுப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

"இங்க காலைல வெயில் வருமா?" என்றார்.

"வரும்."

"உனக்கு வெயில் பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"கட்டிலை அப்ப இந்தப் பக்கம் திருப்பிப் போடட்டுமா? எந்திரிச்சதும் முகத்துல படும். படறது பிடிக்குமா, பிடிக்காதா?"

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. ராத்திரி தனியாக இருக்கப் பயமாக இருக்குமா, வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவேன், வந்ததும் முதலில் காபி குடிப்பேனா, குளிப்பேனா, நரம்பு கிடைக்காத கை வந்தால் எனக்குப் படபடப்பாக இருக்குமா என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு கேள்வியும் இந்த மனிதருக்குள் இருந்திருக்கிறது. ஒன்றே ஒன்றை, வாரத்துக்கு ஒன்றை, அந்த வீட்டில் கேட்டிருந்தால் நான் இந்த மாடியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

"போதும்" என்றேன். "கிளம்புங்க."

வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். "நான் இங்க எப்பவாவது வரலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"எத்தனை நாள்ல சொல்வே?"

"தெரியாது" என்றேன். "காத்திருங்க."

"சரி" என்றார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். முதல் மாடித் திருப்பத்தில் செருப்புச் சத்தம் நின்றது. மேலே ஏறி வரவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. எனக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும் போல இருந்தது. அதே சமயம் அந்தக் கையை முறுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.